காரணம் இல்லாமல் நூற்றைம்பது வார்த்தை

நாற்பத்து நான்கு வயதில் பயந்துபோய்த்தான் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற ஒரு நூற்பாலையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. நூலைச் சோதித்துப் பார்க்கிற லேப். கடைசி ஆறு வருடமாக அந்த லேபுக்குப் பொறுப்பாளரே நான்தான். நூல் சுற்றிய ஒரு பாபினைக் கையில் கொடுத்தால் அது எந்த மெஷினில் ஓடியது, எந்தப் பஞ்சு என்று பாதி நேரம் சோதிக்காமலே சொல்லிவிடுவேன். என்ன, தமிழில் சொல்வேன்.

வெளிநாட்டில் எங்கள் நூலை வாங்குகிறவர்கள், இனிமேல் நூலின் பலத்தை நாள்வாரியாக வரைபடம் போட்டு, அதை விளக்கி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதாக இருக்காது. மூன்று மாதம் அவகாசம் தருவதாகவும், அதற்குள் என்னால் அந்தப் பக்கத்தை எழுத முடியாவிட்டால் இன்ஜினியரிங் படித்த ஒருவரைப் பொறுப்பாளராகப் போட்டு என்னை அவருக்கு உதவியாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ங்க’. எங்கள் ஊரில் வேலையைப் பிடுங்கும்போதுகூட மரியாதை குறையாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவ்வளவு தன்மையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பைத் தேடிப் பிடித்துச் சேரவே ஒரு மாதம் போய்விட்டது. ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கான வகுப்பு அது. அவர்களுடைய பரீட்சையிலும் வரைபடத்தைப் பார்த்து எழுதச் சொல்வார்களாம். முதல் நாள் நான் படியேறிப் போனதும், பையனுக்குச் சேர்க்கணுமா, பொண்ணுக்கா என்று விசாரித்தார்கள். எனக்குத்தான் என்றேன். கேட்ட பெண்தான் டீச்சர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “இங்க காத்து வருமுங்க அக்கா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுவாரமும் போனேன்.

முதலில் நிகழ்காலம். தினமும் செய்வதை ஒரு மாதிரி எழுத வேண்டும், இந்த நிமிடம் நடப்பதை இன்னொரு மாதிரி, முன்பே தொடங்கி இன்னும் முடியாததை வேறொரு மாதிரி. துடியலூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். தி பஸ் ஈஸ் கோயிங். தி பஸ் கோஸ் எவ்ரி டே. பக்கத்து சீட்டு அம்மா நான் ஏதோ ஜபம் செய்கிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். வீட்டுப் பாடத்துக்கு என் வீட்டுக்காரரை எழுதினேன். அவர் தினமும் டிவி பார்க்கிறார், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாயங்காலத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்றும் சரி என்று டீச்சர் டிக் போட்டாள். அவரையும் குறை சொல்லக் கூடாது. வகுப்பு முடிந்து நான் வரும்போது சப்பாத்தி சுட்டு மூடி வைத்திருப்பார். வட்டமாக இருக்காது, ஆனால் சூடாக இருக்கும். இருபது வருடக் குடித்தனத்தில் எனக்காக ஒருவர் சமைத்து வைத்திருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான், நான் அதை மறக்க மாட்டேன்.

வரைபடப் பாடம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடு ஏறுவதும் இறங்குவதும் நான் தினமும் பார்த்துப் பிழைக்கிற விஷயம். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுப்பேன் என்று நினைத்தேன். டீச்சர் கொடுத்தது ஏதோ ஒரு நாட்டில் காபியும் டீயும் விற்ற கணக்குப் படம். காபிக் கோடு பாதியில் இறங்கியது. நான் வேகமாக எழுதினேன். காபி விற்பனை குறைகிறது, ஏனென்றால் மழை இல்லை. மேலும் கரண்ட் கட். மேலும் ஆட்கள் கவனமில்லை.

டீச்சர் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த மழை படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். படத்தில் இல்லை, ஆனால் கோடு இறங்கினால் காரணம் எழுத வேண்டுமே என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஏனென்றால்’ வந்த இடத்தையெல்லாம் அடித்தாள். அடித்து முடித்தபோது எனக்கு மூன்று வரி மிச்சம் இருந்தது.

இந்த வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு பெரிய போர்டு உண்டு. அந்த வாரத்து நூல் பலத்தின் சராசரியை அதில் ஒரு புள்ளியாக வைத்துக் கோடு இழுப்போம். கோட்டுக்குக் கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம். கோடு இறங்கிய வாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இறங்கியதற்குக்கூட அவ்வளவு திட்டு கிடையாது, காரணம் எழுதாததற்குத்தான். அதனால் எல்லோரிடமும் நாலைந்து காரணம் எப்போதும் தயாராக இருக்கும். ஈரப்பதம், கரண்ட், புதுப் பஞ்சு, ஆட்களின் கவனக்குறைவு. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், நாங்கள் வருடம் முழுக்கக் கூடத்தைக் கோணலாக்கிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கட்டத்தை நிரப்புவது லேபின் வேலை, அதாவது என் வேலை. நிரப்பியதற்குப் பதில் சொல்வது நூற்பு ஷெட் சூப்பர்வைசரின் வேலை. அவருக்கும் எனக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பொருத்தம். ஐம்பது வயது தாண்டியவர், பையனாக வந்து அந்த ஷெட்டிலேயே வளர்ந்தவர். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த இழை அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார். என்னுடைய நம்பர்களை மட்டும் நம்ப மாட்டார். அவருடைய காதை நானும் நம்ப மாட்டேன்.

நான் வகுப்பில் சேர்ந்த வாரத்திலிருந்து போர்டில் பலம் குறைந்தது. குறைந்து, அங்கேயே கிடந்தது. முதல் வாரம் ஈரப்பதம் என்று எழுதினேன். அடுத்த வாரம் பஞ்சு. மூன்றாவது வாரத்திலிருந்து, அறுந்த இழையைப் பிணைப்பதில் ஷெட் ஆட்களின் கவனக்குறைவு என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போது மனசாட்சி உறுத்தவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். சூப்பர்வைசருக்கு எச்சரித்து ஒரு மெமோ கொடுத்தார்கள். மாதம் திரும்பியதும் இன்னொன்று. மூன்றாவது வந்தால் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அவர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆட்களோடு கூடவே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். முன்பெல்லாம் என்னோடு வாதாடுவார். அதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அது வெற்றி மாதிரிகூட இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் நான் முன்னேறிக்கொண்டிருந்தேன். நிகழ்காலம் பிடிபட்டுவிட்டது. ஆனால் டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு படத்துக்கு நூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். காரணமும் எழுதக் கூடாது, நூற்றைம்பதும் வர வேண்டும் என்றால் எங்கே போவது? எனக்கு எழுபதிலேயே சரக்கு தீர்ந்துவிடும். ஒரு நாள் கோபத்தில் பேனாவை மேஜையில் போட்டேன். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஏன்னு யோசிக்கறப்ப நீங்க படத்தைப் பாக்கறதை நிறுத்திடறீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. வார்த்தை அங்கதானுங்க இருக்குது.”

என் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியவள். எனக்கு உடனே ரோஷம் வந்தது. வந்த ரோஷத்தோடு பார்த்தேன். எந்தக் கோடு எங்கே பிரிகிறது, எது அசையாமல் இருக்கிறது, எந்த இரண்டு சேர்ந்து நடக்கின்றன. அன்றைக்கு நூற்று முப்பது வந்தது.

மூன்று மாதம் முடிகிற வாரம். வாங்குகிறவர்களுக்கு முதல் பக்கம் திங்கட்கிழமை போக வேண்டும் என்றார் மேனேஜர். பலம் ஏன் குறைந்திருக்கிறது என்று அவர்களும் கேட்டிருக்கிறார்களாம். கடந்த பத்து வாரத்துக்கு நாள்வாரியாக வரைபடம் போட்டு, விளக்கம் எழுதச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் என் இடத்தை முடிவு செய்வார் என்பதை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் லேபில் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். எழுத ஆரம்பித்தேன். இந்த வரைபடம் பத்து வாரத்தின் நூல் பலத்தைக் காட்டுகிறது. முதல் இரண்டு வாரம் பலம் ஒரே சீராக இருக்கிறது. அதன் பிறகு குறைகிறது. அறுபது வார்த்தை ஆனது. கை தானாக ‘ஏனென்றால்’ என்று எழுதியது. நானே அடித்தேன். அடித்துவிட்டு, அவள் சொன்னபடி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

கோடு குறையவே இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பழைய உயரத்திலேயே ஓடியது. சனிக்கிழமை மட்டும் தடாலென்று விழுந்தது. திங்கட்கிழமை மறுபடி மேலே. எட்டு வாரமும் அப்படியே. போர்டில் நாங்கள் வைத்தது வாரத்தின் சராசரி. அதில் சனிக்கிழமை தனியாகத் தெரியாது, ஆறு நாளையும் கீழே இழுத்துப் போட்டுவிடும். அதையும் எழுதினேன். விழுவது சனிக்கிழமை மட்டும். தொடங்கியது மூன்றாவது வாரம். நூற்றைம்பது வார்த்தை தாண்டியது. எண்ணி முடித்தபோதுதான், அந்த மூன்றாவது வாரம் நான் வகுப்பில் சேர்ந்த வாரம் என்று உறைத்தது.

ஷெட்டிலிருந்து வருகிற பாபின் மெஷின் சூட்டில் காய்ந்து வரும். லேபின் ஈரக் காற்றில் நான்கு மணி நேரமாவது கிடந்தால்தான் நூல் அதன் உண்மையான பலத்துக்கு வரும். அதற்கு முன்னால் சோதித்தால் பலம் குறைவாகத்தான் காட்டும். பதினோரு மணிக்கு எடுத்துவந்து மூன்று மணிக்கு மேல் சோதிப்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமை மட்டும் நான் இரண்டரைக்கே கிளம்ப வேண்டியிருந்தது, நான்கு மணி வகுப்புக்கு. அதனால் பன்னிரண்டு மணிக்கே சோதித்து எழுதிவிட்டுப் போனேன். ஒரு நாள்தானே என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து நினைக்கக்கூட இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், என் முதுகுக்கு ஆறு வாரமாக நான் வேறொருவர் பெயரை எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை என்று டீச்சருக்குப் போன் செய்தேன். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்று எடுத்துவந்த பாபின்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் பன்னிரண்டு மணிக்கே சோதித்தேன். மறு பாதியைக் காத்திருந்து மாலையில் சோதித்தேன். முதல் பாதி வழக்கமான சனிக்கிழமை மாதிரி கீழே விழுந்தது. இரண்டாவது பாதி திங்கட்கிழமை மாதிரி ஜம்மென்று நின்றது. நூலில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு வழி இல்லாமல் இல்லை. சனிக்கிழமைகளில் ஈரப்பதம் குறைவு என்று ஒரு வரி போட்டால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகச் சோதித்தால் கோடு தானாக மேலே ஏறும், பிரச்சினையைத் தீர்த்தவள் என்று பெயரும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் அப்படி யோசித்தேன். பொறுப்பாளர் இடம் போய்விடுமே என்று பயமாக இருந்தது. மத்தியானம் உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினேன். முதல் தாளில் வரைபடத்தின் விளக்கம், காரணம் இல்லாமல். இரண்டாவது தாளில் ஐந்தே வரி. சனிக்கிழமைச் சோதனைகளை நான் உரிய நேரத்துக்கு முன்பே செய்தேன், தவறு என்னுடையது, ஷெட்டில் தவறில்லை, இரண்டு பாதியாகச் சோதித்த விவரம் இது. கீழே என் பெயர்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் இரண்டு தாளையும் மெதுவாகப் படித்தார்.

“ஏனுங்க, இந்த ரெண்டாவது தாளு அவிங்களுக்குப் போகோணுமுங்களா?”

“போகோணுமுங்க” என்றேன்.

அவர் இரண்டு தாளையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார். மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது, பத்தொன்பது வருடத்தில் முதல் மெமோ. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நியாயமான மெமோ.

பத்து நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. விளக்கம் தெளிவாக இருக்கிறது, இதே முறையில் இதே ஆள் எழுதினால் நல்லது என்று இரண்டு வரி. மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, இன்ஜினியர் யாரையும் இப்போதைக்குப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசரின் இரண்டு மெமோவையும் ரத்து செய்தார்கள். போர்டில் ‘காரணம்’ கட்டம் இன்னும் இருக்கிறது. அதை நான் இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன், தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதுகிறேன். திட்டும் வாங்குகிறேன்.

அந்தச் சனிக்கிழமை, காலையிலேயே பாபின்களை எடுத்துவைத்து நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டு, டீச்சருக்குத் தேங்காய் பன்னும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அடிக்க வேண்டியதைத்தான் அடித்தேன் அக்கா, வேறு என்ன செய்தேன் என்று அவள் கூச்சப்பட்டாள். நூறு பேருக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது தினமும் செய்கிற வேலை. எனக்கு அவளுடைய சிவப்புப் பேனா செய்தது கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பேனா இல்லாவிட்டால் ஒரு மனிதரைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, அது தெரியாமலே நான் ரிட்டயர் ஆகியிருப்பேன். அவளை நினைக்காத சனிக்கிழமை எனக்கு இல்லை.

சூப்பர்வைசர் மட்டும் என்னிடம் சரியாகப் பேசாமலே இருந்தார். கூட்டம் முடிந்த அன்றே நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “இருக்கட்டுங்க அம்மணி” என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளிநாட்டுப் பதில் வந்த மறுநாள், ஷிஃப்ட் முடிந்து, சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்கண்ணா என்றேன். உட்காரவில்லை.

அந்த வரைபடம் போட்ட தாள் ஒரு காப்பி கிடைக்குமா, வீட்டில் காட்ட வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் இருக்கிறதே, தமிழில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாமுங்க, என்ற சின்னவ காலேஜ் போறா. அவ படிச்சுச் சொல்லுவா” என்றார். கொஞ்ச நேரம் மேஜை மேல் இருந்த பாபினை உருட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டு மாசமா அப்பனுக்கு வயசாயிப்போச்சு, வேலை ஓடறதில்லைன்னு ஊட்ல பேசிக்கறாங்க. நானும் அப்படித்தானுங்க நெனச்சுப்போட்டேன். காது மங்கிப்போச்சோன்னு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ப் பாத்தனுங்க.”

எழுந்து போய் இரண்டு தாளையும் காப்பி எடுத்து வந்து கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் கூட்டத்தில் கேட்டது நினைவிருந்தது. இரண்டாவது தாளை மட்டும் தனியாக எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“இது வேண்டாமுங்க அம்மணி. இதுல உங்க தப்பு எழுதியிருக்குது.”

“அதைத்தானுங்கண்ணா சின்னவ முதல்ல படிக்கோணும்” என்றேன்.

நீட்டிய தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.